இடுப்பு என்று சொன்னவள்

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. மருத்துவமனையில் என் பக்கத்து நாற்காலிப் பெண் நர்ஸிடம் "இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பு வலிக்கு யாரும் அப்படிக் குனிய மாட்டார்கள். மீதியெல்லாம் என் கற்பனை.

முதல் வாக்கியம்: அவளுக்கு அங்கே (எங்கே? அடித்துவிட்டேன்.)

அவர்கள் சேரும்போது (எதில், கட்சியிலா? இதையும் அடித்தேன்.)

சரி. கணவனோடு உடலுறவு கொள்ளும்போதெல்லாம் அவளுக்குப் பெண்ணுறுப்பில் வலித்தது. எழுதிவிட்டேன். காது சுடுகிறது.

2.
துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்களிடம் தொலைபேசியில் விசாரிப்பது அவள் வேலை. "சத்தம் எப்ப வருதுங்க? தண்ணி ஏறும்போதா, சுத்தும்போதா?" பாதிக் காரணம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

இந்த வலியும் அப்படித்தான். நுழையும்போதே எரிந்தால் ஈரம் போதாமல் இருக்கலாம், தொற்றோ புண்ணோ இருக்கலாம். வலிக்குமே என்ற பயத்தில் தசைகள் தாமாக இறுகுவதும் உண்டு. இறுகினால் வலிக்கும், வலித்தால் பயம் கூடும், மறுபடி இறுகும். ஆழத்தில் வலித்தால் கருப்பை, சினைப்பைப் பக்கம் தேட வேண்டும். (விளக்க ஆரம்பித்ததும் அவளையே மறந்துவிட்டேன், பாருங்கள். விளக்கும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை.)

3.
அவள் இடுப்பு என்றதை வீட்டுக்காரர் அப்படியே நம்பினார். கெட்டி மெத்தை வாங்கினார், பெல்ட் வாங்கினார்.

"என்ன அண்ணி, இந்த வயசுலயே பெல்ட்டா? எங்கண்ணன் உங்களை மூட்டை தூக்க வைக்கிறாரா?" என்றாள் நாத்தனார்.

"போடி, நான் அவளைக் குனியவே விடறதில்ல!" என்றார் அவர்.

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

படுக்கையில் அவள் பல்லைக் கடித்தால் உடனே விலகிவிடுவார். "இடுப்பா?"

"ம்."

உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அவரைக் குறை சொன்னதாகிவிடும் என்று அவள் வாயை மூடிக்கொள்வாள். (அவரைக் கொடுமைக்காரராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

4.
மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கிறார். "இடுப்புல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அப்புறம் ஏன் டாக்டர் இவ இப்படித் துடிக்கிறா?" என்கிறார் வீட்டுக்காரர்.

அவள் மாத்திரையோடு வீடு திரும்புவதாக முடிக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் திரும்புகிறார்கள். மருத்துவரே ஊகித்துவிட்டதாகவும் முடிக்கலாம். அது என் சோம்பல்.

அல்லது:

"டாக்டர், வலி இடுப்புல இல்ல."

வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

அடுத்த வாக்கியத்தை நான் முன்பே, முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன். ஆனால் தாளில்தான் எழுதினேன். அவளோ கணவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நீங்கள் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.