அக்கா வீட்டு முகவரி

லோனி கிட்ரியின் மேல்கோட்டுப் பையில் பன்றிக்கறி வறுவல் நான்கு துண்டு இருந்தது. அவன் தின்பதற்கல்ல. அக்கா வீட்டு நாய்க்குக் கொடுக்கிற லஞ்சம். ஆகஸ்டில் ஆரம்பித்த வழக்கம், ஜனவரி வந்தும் நின்றபாடில்லை. நாயின் பெயர் ஷெரிஃப். வாங்கிக்கொண்டும் வேலையைச் செய்கிற அதிகாரி உலகத்திலேயே அது ஒன்றுதான். கறியைத் தின்று முடித்துவிட்டுக் லோனியின் மகள் கோராவைப் பார்த்துக் குரைக்கும்.

"அப்பா, வண்டி பூரா கறி நாத்தம். கிளாஸ்ல பக்கத்துல உக்காரவே பயப்படறாங்க," என்றாள் கோரா.

"தலையக் குனி. பின்னாடி ஒரு கார் வருது."

"நான் என்ன பேங்க்கைக் கொள்ளையடிச்சிட்டா வரேன்?"

லோனி பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போட்டன. பீக்கன் ஃப்ளாட்ஸிலிருந்து சீடர் பிளஃப் நாற்பது நிமிடம். ஐந்தரைக்குக் கிளம்பி, அக்கா ஜோலின் வீட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போய், ஆறு ஐம்பதுக்கு முன்வாசல் வழியாகக் கோரா பையோடு வெளியே வரவேண்டும். அங்கேயே தூங்கி எழுந்தவள் போல ஒரு கொட்டாவியும் விடவேண்டும். கொட்டாவிக்கு மட்டும் நடிப்பு தேவைப்படவில்லை.

எல்லாம் போன மே மாதம் ஒரு வீட்டில் ஏசி பழுது பார்க்கப் போனதால் வந்த வினை. சீடர் பிளஃபில் பெரிய வீடு. ஃபிரிட்ஜ் கதவு முழுக்கப் பல்கலைக்கழகக் கொடிகள். மூன்று பிள்ளைகளும் பெரிய இடங்களில் படிப்பதாகச் சொன்ன அந்த வீட்டம்மாள், "எல்லாம் இந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட மகிமை," என்று பெருமூச்சு விட்டாள். நெஞ்சில் அது குத்திக்கொண்டது. லோனியின் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. அவன் ஒருமுறை போனான், கூரைமேல் இருந்த கம்ப்ரசரை மாற்ற.

பீக்கன் ஃப்ளாட்ஸ் பள்ளியில் கோரா இருநூற்றுத் தொண்ணூறு பேரில் ஐந்தாவது. அந்தப் பள்ளி ஆலோசகர் அப்போதே சொன்னார்: "மிஸ்டர் கிட்ரி, டெக்சாஸ்ல ஒவ்வொரு ஸ்கூல்லயும் முதல் பத்து சதவீதத்துக்குள்ள வந்தா ஸ்டேட் யூனிவர்சிட்டிங்கள்ல தானா சீட் கிடைக்கும். பதினொண்ணாவது முடியறவரைக்கும் இப்படியே விடுங்க." லோனி தலையாட்டிக்கொண்டான். ஏழைப் பள்ளிக்காரர் வேறென்ன சொல்வார், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டான். மறு வாரமே, சீடர் பிளஃப் பள்ளியில் அந்த ஊரில் வசிக்கிற பிள்ளைகளுக்கே இடம் என்பதால், மகள் அக்கா வீட்டில்தான் வசிக்கிறாள் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான்.

"நீ ஏசிக்கு கேஸ் நிரப்பற ஆளு. பேப்பர்ல பொய்ய நிரப்பற ஆளில்ல," என்றாள் மனைவி வெர்னா. அதையும் அவன் காதில் வாங்கவில்லை.

இன்று ஜோலின் வீட்டு வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. முன்கதவு திறந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் காப்பிக் குவளையோடு ஒருவர் கூடத்தில் நின்றிருந்தார். மகளோடு பின்வாசல் வழியாக நழுவி உள்ளே போனான்.

"பேரு ஸ்டக்கி. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்லேர்ந்து வரேன். பிள்ளைங்க எங்க வசிக்கறாங்கன்னு சரிபாக்கறது என் வேலை," என்றார் அவர், மூன்றாவது இரவாகத் தூங்காதவர் போல.

"வசிக்கறதென்ன சார், இந்த வீட்டோட ஆணிவேரே அவதான்!" என்றாள் ஜோலின் உரக்க. அதற்குள் ஷெரிஃப் பாய்ந்து வந்தது. ஸ்டக்கியின் காலணியை நக்கியது. பிறகு கோராவைப் பார்த்து, திருடன் வந்தமாதிரி, கூரை அதிரக் குரைத்தது.

"ஆணிவேர நாய்க்குப் பழக்கமில்ல போல," என்றார் ஸ்டக்கி.

"அது... காலையில அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார்," என்றான் லோனி, கறியை நீட்டியபடி.

ஜோலினின் தையல் அறைதான் கோராவின் படுக்கையறை. ஸ்டக்கி விளக்கைப் போட்டார். கட்டிலில் விரித்த விரிப்பில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. குளியலறையில் கோராவின் பல்துலக்கும் பிரஷ், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளத்தது. ஒரு திருகாணியைக்கூட மறந்து வைக்காத மெக்கானிக் லோனி, ஐந்து மாதமாக அந்த உறையை மறந்திருந்தான்.

ஸ்டக்கி பிரஷைத் தூக்கிப் பார்த்தார். "பல்லு வெளக்கற பழக்கம் இல்லியாம்மா?" பிறகு குரலைத் தணித்து, "நேத்து ராத்திரி எங்க தூங்கின?" என்றார்.

கோரா அப்பாவைப் பார்த்தாள். லோனியின் கண்கள் கெஞ்சின. அவள் பையிலிருந்து உயிரியல் புத்தகத்தை எடுத்து, நடுவில் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள்.

"நீங்க சொல்லச் சொல்றதச் சொல்றேன்பா. அதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க."

தரவரிசைத் தாள். அறுநூற்று நாற்பது பேரில் கோரா இருநூற்று முப்பத்தொன்றாவது.

லோனிக்குப் படிப்பு குறைவுதான், ஆனால் பத்தில் ஒரு பங்கு போடத் தெரியும். அறுபத்து நாலு. இன்னும் நூற்று அறுபத்தேழு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னே போகவேண்டும். பழைய பள்ளியில் என்றால் இருபத்தொன்பதுக்குள் இருந்தால் போதும். அவள் ஐந்தாவது.

"இங்க எல்லாரும் ஒன்பதாவதுலேர்ந்தே கூடுதல் மார்க் தர்ற பாடமா எடுத்திருக்காங்கப்பா. நம்ம ஸ்கூல்ல அதுல பாதிகூடக் கிடையாது. அப்புறம்... முதல் பீரியட்ல நான் தூங்கிடறேன்."

"ஏன்டா கண்ணு சொல்லல?"

"தினம் நாலரைக்கு எழுந்து நாய்க்குக் கறி பொரிக்கறீங்க. எப்படிப்பா சொல்றது?"

லோனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். புது விரிப்பு மொடமொடத்தது.

"சார், இவ நேத்து எங்க வீட்லதான் தூங்கினா. பீக்கன் ஃப்ளாட்ஸ்ல. தினமும் அங்கதான். கையெழுத்துப் போட்டவன் நான். எதுவானாலும் என் பேர்ல எழுதுங்க. பொண்ணு ஒரு பொய்யும் சொல்லல. நான்தான் சொல்ல வெக்கப் பாத்தேன்."

"டேய் லோனி! அப்ப என் தையல் மெஷினு அஞ்சு மாசமா கொல்லையில மழையில நனையறது எதுக்குடா?" என்று ஜோலின் கத்தினாள்.

ஸ்டக்கி எழுதினார். "வெள்ளிக்கிழமையோட இங்க பேர எடுத்துடுவாங்க. அபராதக் கடுதாசியும் வரலாம் சார்." வாசலில் திரும்பி நின்றார். "உண்மையச் சொன்ன வீடு இந்த மாசத்துல இது ஒண்ணுதான். மத்தவங்க எல்லாரும் நாய் மேலயே பழி போட்டாங்க."

திரும்பும் வழியில் கோரா தலையைக் குனியவில்லை. "பழைய ஸ்கூல்ல அந்த அஞ்சாவது இடம் திரும்பக் கிடைக்குமாப்பா?"

"தெரியலம்மா. ஜூன்ல தரவரிசை போடறப்பதான் தெரியும்னு நினைக்கறேன். உன்னைத் திரும்பச் சேத்துக்கச் சொல்லி அந்த ஆலோசகர் கால்ல விழுந்தாவது கேக்கறேன்." வண்டியை நெடுஞ்சாலைக்குத் திருப்பினான். "அந்தம்மா ஃபிரிட்ஜ்ல கொடியப் பாத்தேன். அந்தப் பிள்ளைங்க எப்பப் படிச்சுது, எத்தனை மணி நேரம் தூங்குச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஊர் பேரு சீட்டு வாங்கித் தரும்னு நம்பி, நல்லாப் படிச்சிட்டிருந்த பொண்ண நாய்க்குப் பயந்து பின்வாசல்ல நுழைய வெச்சேன். பிள்ளைக்கு எந்த ஸ்கூலுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, பிள்ளையக் கேட்டிருக்கணும். பெத்தவன் அதைத்தான் முதல்ல செய்யணும்."

திரும்பிப் பார்த்தான். கோரா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். லோனி வேகத்தைக் குறைத்தான். மேல்கோட்டுப் பையிலிருந்த கடைசிக் கறித்துண்டை எடுத்து, சத்தம் வராமல் தானே தின்றான்.