டொல்பின் பார்க்கப் பட்டுச் சாறி

நேர்முகப் பரீட்சை என்றால் சாறிதான். எங்கள் பக்கம் பட்டம் முடித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். தர்சிகாவிடம் நான் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான். எனக்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

தர்சிகாவும் நானும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இந்த வேலையும் சரிவராவிட்டால் திங்கட்கிழமை அவள் கொழும்புக்குப் போக வேண்டும். மாமா அங்கே ஓர் அலுவலகத்தில் இடம் பேசி வைத்திருந்தார். அவளுக்குத் திருகோணமலையை விட மனமில்லை. எனக்கோ அவளை விட மனமேயில்லை. அதனால்தான் விடிந்ததும் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறித் துணைக்கு வந்தேன்.

வேலை, டொல்பின் காட்டக் கூட்டிப்போகும் படகுக் கம்பனி ஒன்றில். முதலாளி ஸைனுலாப்தீன் நானா அரைக் காற்சட்டையோடு கரையில் நின்றார். தர்சிகாவின் நீலப் பட்டுச் சாறியை மேலும் கீழும் பார்த்தார். அது அவளுடைய அம்மாவின் சாறி.

“கலியாணத்துக்குப் போற வழியா தங்கச்சி?”

“இன்டர்வியூவுக்கு வந்தனான் சேர்.”

“இன்டர்வியூ போட்லதான். ஏறுங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆயுசுக்கும் போதும் அது. பிறகு சாறியின் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, செருப்பை என் கையில் திணித்துவிட்டு ஏறினாள். நானும் ஏறினேன்.

படகில் ஒரு பிரெஞ்சுக் கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“இவங்களுக்குக் கடலப் பத்திச் சொல்லுங்க,” என்றார் நானா.

அவள் நான் பாடமாக்கித் தந்ததையே ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள். தன் பெயர், பட்டம், குழுவோடு இணைந்து பணியாற்றும் ஆற்றல், நேரந்தவறாமை. அந்த இருவரும், பாவம், தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நானா எஞ்சினைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் தண்ணீர் வெடித்து ஒரு டொல்பின் எழுந்தது. பின்னால் ஒரு கூட்டமே!

“ஐயோ, அங்க பாருங்கோ! அங்க!”

தர்சிகா கத்தினாள். பாடமாக்கியது எல்லாம் பறந்தது. அந்தப் பிரெஞ்சுப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, தமிழும் ஆங்கிலமுமாக, “இனி இடப்பக்கம் வரும், பாருங்கோ!” என்று துள்ளினாள். கூட்டமும் இடப்பக்கமே வந்தது. அந்தப் பெண்ணும் சேர்ந்து கத்தினாள். அலை அடித்துச் சாறி தொப்பலாக நனைந்தது. தர்சிகாவுக்கு அது தெரியவேயில்லை.

கரைக்கு வந்ததும் நான் மெல்ல, “நானா, அவள் கொஞ்சம் பதட்டத்தில...” என்று இழுத்தேன்.

“இதுக்கு முந்தி இன்டர்வியூவுக்கு வந்தவங்க எல்லாம் டொல்பினக் கண்டதும் என்னத்தான் பார்த்தாங்க, சரியாச் சொன்னமா எண்டு. இந்தத் தங்கச்சி டொல்பின் பார்க்க வந்தவங்களக் கூப்பிட்டுக் காட்டினாங்க. திங்கட்கிழமை வேலைக்கு வாங்க தங்கச்சி.”

நான் அழுதுவிட்டேன். சந்தோசத்தில்தான்.

அவள் அங்கேயே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, கொழும்புக்குப் போகேல்லை. வேலை கிடைச்சிட்டுது!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கும் கேட்டது.

“சாறி நல்ல ராசிதான் பிள்ளை. கவனமா மடிச்சுக் கொண்டு வா.”

தர்சிகா என்னைப் பார்த்தாள். நான் சாறித் தலைப்பிலிருந்து கடலைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“ஓம் அம்மா,” என்றாள்.