இரண்டாவது தட்டு

வீட்டில் இருந்த சர்க்கரை முழுவதையும் மாஸ்டர் தன் கையாலேயே ஒழித்துக்கட்டியிருந்தார். அதனால்தான் அன்று காலை அவர் மனைவி சமையலறைத் தரையில் சரிந்து உட்கார்ந்து, நெற்றியெல்லாம் வியர்க்க, கை வெடவெடக்க, "லைட்டை ஏன் அணைச்சீங்க?" என்று பட்டப்பகலில் கேட்டபோது, அவளுக்குக் கொடுக்க இனிப்பென்று பேருக்கு ஒரு துளிகூட இல்லை.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மீதிப் பாதி, அந்த முதல் பாதியைக் கண்டு ஒதுங்கி நடக்கக் கற்றுக்கொண்டது. இது அவரே சொல்லிச் சிரிக்கும் ஜோக். எதிரே லாரி வந்தாலும் பதறாத மனுஷர். அன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று காலியாக இருந்தன. கழுவித் துடைத்த புண்ணியவானும் அவரேதான்.

கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். ராத்திரி வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தாள். மாஸ்டர் கதவைத் தட்டிய தட்டில், அவிழ்ந்த தலையோடு, சர்க்கரை டப்பாவும் கையுமாக மாடியேறி ஓடி வந்தாள்.

"தள்ளுங்க மாஸ்டர், காத்து வரட்டும். அக்கா, இங்க பாருங்க. முழுங்க முடியுதா? மெதுவா, மெதுவா."

டம்ளர் பாதி காலியான பிறகு கை நடுக்கம் குறைந்தது. முழுக்கக் காலியான கொஞ்ச நேரத்தில் மனைவி சுற்றுமுற்றும் பார்த்து, கலைந்திருந்த புடவையைச் சரி செய்துகொண்டாள். மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மாத்திரை போட்டீங்களாக்கா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

மனைவி தரையைப் பார்த்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"சாப்பிட்டாளே! நான்தான் கேட்டேனே, ஆச்சுன்னு சொன்னா. கஞ்சியைக் காய்ச்சினதே நான்தான்."

நர்ஸ் எழுந்து, தொட்டிக்குப் பக்கத்தில் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து மூடியிருந்த தட்டைத் தூக்கினாள். கஞ்சி அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டி, கரண்டி படாத முகத்தோடு.

"உங்க வீட்டு சர்க்கரை எங்க போச்சு?"

"டிரைவிங் ஸ்கூல்ல இருக்கு."

"அது எதுக்கு அங்க போச்சு? லைசென்ஸ் எடுக்கவா?"

"வீட்டில இருந்தா ஆபத்துன்னு நான்தான்..."

"மாஸ்டர், சுகர் இருக்கிறவங்க வீட்டிலதான் சர்க்கரை கைக்கெட்டுற இடத்துல இருக்கணும். ஸ்டெப்னி இல்லாம வண்டியை எடுப்பீங்களா நீங்க? மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும். இனிமே அக்கா சாப்பிடறதைக் கண்ணால பார்த்துட்டு வேலைக்குப் போங்க. ஆச்சுங்கிற பேச்சையெல்லாம் நம்பாதீங்க."

அவள் தூக்கத்தைப் பாழடித்த குற்றத்துக்கு மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மனைவிக்கு ஒரு அக்கா இருந்தாள். அவளுக்கும் இதே வியாதி. முதலில் கால் விரல் போனது, பிறகு பாதம் போனது, பிறகு அவளே போனாள். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது மாஸ்டரின் பயிற்சிக் கார்தான். எல் போர்டைப் பார்த்ததும் முன்னால் போன வண்டிகள் எல்லாம் அலறி ஒதுங்கி வழிவிட்டன. அந்த போர்டால் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை அது. வழி கிடைத்தும் பலனில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு டாக்டர் மனைவியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுதேம்மா. அக்கா விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் வீடு திரும்பியதும் அலமாரியைக் காலி செய்தார். சர்க்கரை, பிஸ்கட், ஜாம், வறுத்தது, பொரித்தது எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறி டிரைவிங் ஸ்கூலுக்குப் போயின. அங்கே ஆபீஸ் பெண் டீயைப் பாகு மாதிரி குடித்துக்கொண்டு அவரை வாழ்த்தினாள். சமையலையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். போனைப் பார்த்துப் பார்த்துக் காயை வேகவைத்தார். உப்பும் ஆபத்து என்று போனில் எவனோ சொன்னதால் உப்பையும் நிறுத்தினார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மனைவி, "நல்லதுதானே" என்பாள். நல்லா இருக்கு என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது மாஸ்டருக்கு உறைக்கவில்லை. அதையே சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஒரே கேள்விதான்.

"அன்னிக்கு ஏன் ஆச்சுன்னு சொன்னே?"

"அதான் சரியாயிடுச்சே, விடுங்க."

வேறொரு நாள் துணி மடிக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"மறந்திருப்பேன்."

"சாப்பிட மறந்தியா, சாப்பிடலைங்கிறதை மறந்தியா?"

"உங்க சட்டையில பட்டன் போயிருக்கு பாருங்க" என்றாள்.

நர்ஸ் சொன்னபடி மாஸ்டர் காவலுக்கு உட்கார்ந்தார். சர்க்கரை டப்பாவும் பிஸ்கட்டும் வீடு திரும்பிவிட்டன. உப்பில்லாச் சமையலும் நின்று, அடுப்பு மனைவியிடமே போய்விட்டது. மாஸ்டரின் வேலை, சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பது மட்டும். இத்தனை காலக் குடித்தனத்தில் மனைவி சாப்பிடுவதை அவர் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவள் உட்காரவே இல்லை. மேடையில் சாய்ந்து நின்றாள். அவர் தட்டில் ஒதுக்கி வைத்த காய்த்துண்டுகளை வழித்துச் சட்டிக்குள் போட்டாள். சட்டியில் அடி ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டினாள். முந்தின நாள் பருப்பை மேலே ஊற்றி, சட்டியிலேயே பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கையால் அடுப்பைத் துடைத்தாள்.

"அதை ஏன் சாப்பிடறே? புதுசா போட்டுக்கோயேன்."

"பாத்திரம் காலியாக வேண்டாமா?"

மறுநாள் அவர் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டதில் மிச்சம் ஒன்றுமில்லை. அவள் ஒரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கடுத்த நாள் அவருக்கு வயிறு சரியில்லை. சோறு குவியலாக மீந்தது. அவள் அவ்வளவையும் நின்றபடியே தின்று தீர்த்தாள். மாஸ்டர் ஸ்டூலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பசிக்கு ஒரு அளவு இருந்தால்தானே அவர் அதைக் குறைக்கவோ கூட்டவோ முடியும். அவர் தின்று வைத்த மிச்சம்தான் இத்தனை வருஷமும் அவளுக்கு அளவு. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம், "அவ சாப்பாட்டுல ஒண்ணும் குறையில்லைங்க" என்று இவர் தெம்பாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

எழுந்துபோய்த் தட்டு அடுக்கும் கூண்டைப் பார்த்தார். சாப்பிடும் தட்டு இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று வேலைக்காக வெளியூர் போய்விட்ட மகனுடையது. மற்றதெல்லாம் மூடித் தட்டு, காய் கழுவும் தட்டு, விருந்தாளி வந்தால் எடுக்கும் பீங்கான். அவளுக்கென்று ஒன்றில்லை.

மகனுடைய தட்டை எடுத்து மேஜையில் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அது அவன் தட்டு."

"அவன் வந்தா புதுசு வாங்கிக்கட்டும். சம்பாதிக்கிறான் இல்ல? உக்காரு."

உட்கார்ந்தாள். விருந்துக்கு வந்தவள் மாதிரி நாற்காலியின் நுனியில். மாஸ்டர் கரண்டியை எடுத்தார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார். காயை அள்ளி வைத்தார். அவள் வாய்க்குக் கை போகும்போதெல்லாம் அவர் கண்ணும் கூடவே போனது. ரெண்டு வாய் சாப்பிட்டதும், "போதும்" என்று எழுந்துவிட்டாள். பிறகு அடுப்படியில் சட்டி சுரண்டும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் ஒரு போஸ்ட்மாஸ்டர் அம்மா புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கார் கற்றுக்கொள்ள வந்தவள். பயிற்சிக் காரில் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. திருப்பத்துக்குத் திருப்பம் மாஸ்டர் அதை மிதித்துக்கொண்டே வந்தார். அந்த அம்மா சட்டென்று ஓரம் கட்டி நிறுத்தினாள். உண்மையில் நிறுத்தியதும் மாஸ்டர்தான்.

"மாஸ்டர், இந்த வண்டியை இப்ப யாரு ஓட்டறா?"

"நீங்கதாம்மா."

"அப்புறம் எதுக்கு அது உங்க பேச்சைக் கேட்டு நிக்குது?"

"என் உயிரும் இதுக்குள்ளதானேம்மா இருக்கு."

"அது சரி. உங்க பயம் தீர்ற வரைக்கும் நான் ஓட்டக் கத்துக்க முடியாது போலிருக்கே."

மாஸ்டர் சிரித்தார். எத்தனையோ பேர் சொன்ன பேச்சுதான். காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அடுத்த திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறித் தொப்பென்று இறங்கியது. அவர் கால் தானாகத் துடித்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வண்டி கொஞ்சம் தள்ளாடி, நேராகி, போய்க்கொண்டே இருந்தது. ஸ்கூல் வந்து சேர்ந்த பிறகும் அவர் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆபீஸ் பெண் கேட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மேஜையில் சோறு, பருப்பு, காய், ஒரு முட்டை எல்லாம் மூடியிருந்தன. இரண்டு தட்டையும் வைத்தார். கரண்டியைத் தொடவில்லை.

"போடுங்க" என்றாள் மனைவி.

"எவ்வளவு?"

"பாத்துப் போடுங்க."

"எனக்குப் பாக்கத் தெரியலைம்மா. இத்தனை நாளும் தெரிஞ்ச மாதிரி இருந்துட்டேன்."

இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அவர் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள், எங்கேயாவது வண்டியை இடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று. மாஸ்டர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜோக் ஏதாவது சொல்லலாம் என்று தேடினார். கிடைக்கவில்லை.

"அன்னிக்கு ஏன் ஆச்சுன்னு சொன்னே?"

அவள் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். ஆவி மேலே எழுந்து அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மறுபடி கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"வாயில வைக்க முடியலை" என்றாள். "உப்பும் இல்லை, ஒரு எழவும் இல்லை. முடியலைன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க கையில துணியைச் சுத்திக்கிட்டு, அவ்வளவு ஆசையா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க. ஆச்சுன்னுட்டேன். அப்புறமா ஏதாவது சாப்பிட்டுக்கலாம்னு டப்பாவைத் திறந்தா, ஒண்ணுமில்லை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? அக்கா போனதிலேருந்து நீங்க என் மூஞ்சியைப் பாக்கறதே இல்லை. காலைத்தான் பாக்கறீங்க. தூங்கும்போதுகூட போர்வையை விலக்கி விரலைப் பாக்கறீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு. எனக்கும் பயம் இருக்கு. அவ என் அக்கா. என் பயத்தை முழுங்கறதே பெரும்பாடா இருக்கு, இதுல உங்களோடதையும் சேர்த்து எப்படி முழுங்குவேன்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவள் கால் தெரிந்தது. நிமிர்ந்துகொண்டார்.

அவளே கரண்டியை எடுத்தாள். மகனுடைய தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். யோசித்து, இன்னும் அரைக் கரண்டி வைத்தாள். சோற்றுக்கு மேலாகவே காயை வைத்தாள். முட்டையை இரண்டாக வெட்டி ஒன்றைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவுதான். இதுக்குக் குறைஞ்சா தலை சுத்தும், கூடினா அது மிச்சம். இனிமே மிச்சத்தைத் தின்ன மாட்டேன். கம்மியா சமைப்பேன், மீந்தா மீந்துட்டுப் போகட்டும். சமையல் நான்தான், உப்பு போடுவேன், அளவாப் போடுவேன். காய் நறுக்கறது நீங்க. சாப்பிடும்போது ரெண்டு பேரும் உக்காரணும். டீக்குச் சர்க்கரையை விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு டீ மட்டும் கொஞ்சம் போட்டுக் குடிப்பேன், அப்ப நீங்க பக்கத்துல நின்னு பெருமூச்சு விடக் கூடாது. இது உயிர் இருக்கிற வரைக்கும் என்னால செய்ய முடியும். நீங்க செய்யச் சொன்னதை ஒரு வாரம்கூட என்னால செய்ய முடியாது. முடியும்னு தலையாட்டினது என் தப்புதான்."

"சரி" என்றார் மாஸ்டர். பிறகு, இத்தனை காலமும் கேட்டு, இத்தனை காலமும் 'ஆச்சு' என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு வெளியே போன 'சாப்பிட்டியா' என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். "இப்ப பசிக்குதா?"

"பசிக்குது" என்றாள் மனைவி.