‘மற்றும்’ இருக்க வேண்டிய இடத்தில்

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் முதலாளி. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பார்க்கிற வேலையே சலிப்பதுதான், பிறகு என்ன?

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற நிறுவனம் அது. தலைப்பக்கம் உயர்கிற கட்டில், காற்று மெத்தை, பெரியவர்களுக்கான டயப்பர், சக்கர நாற்காலி, நடக்கப் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் வாக்கர், கைத்தடி. இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் மலைபோலக் குவிந்திருந்தன. அதைச் சலித்து, யாருக்கு எது உதவுமோ அதை மட்டும் எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு.

அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பு எல்லாருக்கும் ஒரே மடல்தான் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்த கதை. கைத்தடியோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தவருக்கு டயப்பர் சலுகை வரும். அவர் கோபப்பட்டுப் பட்டியலை விட்டே போய்விடுவார். சல்லடைதான் ஆட்களை அவர்கள் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்துப் பிரித்தாள். மாதாமாதம் டயப்பரும் விரிப்பும் வாங்குகிறவர்கள் ஒரு குவியல். அவர்கள் வீட்டு ஆள் இன்னும் படுக்கையில் இருக்கிறார். டயப்பரை நிறுத்திவிட்டு வாக்கரோ கைத்தடியோ வாங்கியவர்கள் இன்னொரு குவியல். அவர்கள் வீட்டில் ஆள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். இப்படியே போனது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு எதையுமே வாங்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் முதலாளிக்கு ஒரு கண்.

“விட்டுப்போனவங்களைத் திரும்பப் பிடிக்கணும்மா. ‘உங்களைக் காணோமே’ன்னு ஒரு மெயில் தட்டி விடு.”

“சார், அவங்க எதனால நிறுத்தியிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.”

முதலாளி யோசித்துப் பார்த்தார். “சரி, சரி. அவங்களை விட்டுடு.”

அந்தக் குவியலுக்குத் ‘தொந்தரவு வேண்டாம்’ என்று பெயர் வைத்தாள். அதற்கு எந்த மடலும் போகாது. அவளுடைய நாத்தனாரின் முகவரியும் அதில்தான் இருந்தது. நாத்தனாரின் கணவர் நெடுநாள் படுக்கையில் கிடந்து, மழை ஓய்ந்த சமயத்தில் போய்விட்டார். கட்டிலிலிருந்து பஞ்சுவரைக்கும் ஊழியர் சலுகையில் ஏற்பாடு செய்து அனுப்பியவள் சல்லடைதான். அனுப்பினாளே தவிர, அந்த வீட்டுப் படியேறிய தடவைகள் குறைவு. சாவுக்குப் போனாள், கூட்டத்தோடு நின்றாள், கூட்டத்தோடு திரும்பினாள். அதற்குப் பிறகு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். போன் செய்தால் நாத்தனார் எடுப்பதில்லை. எடுக்காதது ஒருவகையில் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அன்று காலை நடக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வாழ்த்து மடல் போயிற்று. ‘எழுந்து நடந்துவிட்டீர்களா? வாழ்த்துகள்!’ என்று தலைப்பு. உள்ளே முதல் வரி: ‘படுக்கைக்கு விடை கொடுத்துவிட்டீர்கள்.’ கீழே வழுக்காத செருப்புகளும் காலணிகளும். எழுதியபோது அவளுக்கே அந்த வரி பிடித்திருந்தது.

அனுப்பிவிட்டுத் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள். நடக்கத் தொடங்கியவர்கள் இத்தனை பேரா? நேற்றுவரை ஒரு கைப்பிடிதானே இருந்தார்கள்? அந்தக் குவியலில் யார் யார் சேர வேண்டும் என்ற விதியைத் திறந்து பார்த்தாள். டயப்பர் வாங்குவதை நிறுத்தியிருக்க வேண்டும் ‘மற்றும்’ கைத்தடியோ வாக்கரோ வாங்கியிருக்க வேண்டும் என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘அல்லது’ என்று இருந்தது. முந்தின நாள் விதியைத் திருத்தியபோது அவள் விரல்தான் தவறி இருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். டயப்பரை நிறுத்திய அத்தனை பேரும், தொந்தரவு வேண்டாம் என்று அவள் ஒதுக்கிவைத்த அத்தனை பேரும், அந்த ஓட்டை வழியாக வாழ்த்துக் குவியலில் வந்து விழுந்திருந்தார்கள்.

மடல்கள் தவணை தவணையாகத்தான் போய்க்கொண்டிருந்தன, பாய்ந்து நிறுத்தினாள். பெரும்பாலானவை போய்விட்டன. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு.

முதலாளியின் அறைக்குள் போய் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“செத்தவங்க வீட்டுக்கா?”

“ஆமா சார்.”

“‘படுக்கைக்கு விடை கொடுத்துட்டீங்க’ன்னா?”

“ஆமா சார்.”

அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

“உடனே மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டுடலாம் சார்.”

“போடலாம். ஆனா பாதிப்பேர் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. நாம மன்னிப்புன்னு அனுப்பினா, எதுக்கு மன்னிப்புன்னு தேடிப் போய் முதல் மெயிலைத் திறப்பாங்க. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிடும்.”

அவர் சொன்னது நியாயம். அவள் யோசித்தாள். “அப்ப திறந்தவங்களுக்கு மட்டும் போகட்டும். யார் திறக்கறாங்களோ, கொஞ்ச நேரத்துல அவங்களுக்குத் தானா மன்னிப்பு போற மாதிரி வைச்சுடறேன். திறக்காதவங்களை நாமளா எழுப்ப வேண்டாம்.”

“செய்.”

மன்னிப்பு மடலை எழுத உட்கார்ந்தாள். ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’ என்று தொடங்கி, தவறு எங்களுடையது, உங்கள் துயரத்தை மேலும் கிளறிவிட்டோம் என்று எழுதி, கடைசியில் தன் பெயரையும் பதவியையும் போட்டாள். நிறுவனத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் முடுக்கிவிட்ட பிறகுதான், யார் யார் திறந்தார்கள் என்று பார்க்கத் தைரியம் வந்தது. கீழே இறங்கிக்கொண்டே போனவள் கண்ணில் நாத்தனாரின் முகவரி பட்டது. அதற்கு நேரே: ‘திறக்கப்படவில்லை.’

போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட நினைத்தாள். எடுத்தால் என்ன சொல்வது? ஒரு மெயில் வந்திருக்கும், அதைத் திறக்காதே என்றால் உலகத்தில் யார்தான் திறக்காமல் இருப்பார்கள்?

மறுபடி முதலாளியிடம் போனாள். “சார், அதுல என் நாத்தனாரும் இருக்கா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்புறம் இங்க என்னம்மா பண்றே? கிளம்பு. வர்ற பதிலுக்கெல்லாம் நான் பதில் எழுதிக்கறேன்.”

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே பார்க்கத்தான் முடியவில்லை. நாத்தனார் மடலைத் திறந்துவிட்டாளா என்று போன் திரையை விரலால் கீழே இழுத்து இழுத்து விட்டாள். திறக்கப்படவில்லை. திறக்கப்படவில்லை. மனசுக்குள் ஒரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. போனதும், என் போன்ல சார்ஜ் இல்லம்மா, உன் போனைக் கொஞ்சம் குடு என்று வாங்கி, அந்த மடலைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். இழவு நடந்த வீட்டுக்கு இவ்வளவு நாள் கழித்துப் போகிறோம். போய் முதல் வேலையாகத் திருட்டு வேலை பார்க்கப் போகிறோம். நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை.

பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்தில் இருந்த பெண்மணி, “ஆஸ்பத்திரிக்காம்மா?” என்று கேட்டாள். முகம் அப்படி இருந்திருக்கிறது. சல்லடை தலையை எப்படியோ ஆட்டிவைத்தாள்.

பாலத்தை விட்டு இறங்கும்போது திரை மாறியது. ‘திறக்கப்பட்டது.’

சற்று நேரத்தில் அதன் கீழேயே இன்னொரு வரி: ‘இணைப்பைச் சொடுக்கினார்.’

வாழ்த்துக்குக் கீழே இருந்த காலணிப் பக்கத்தை நாத்தனார் திறந்திருக்கிறாள். எதற்கு? அதை யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. திறந்தவர்களுக்கெல்லாம் தானாகவே மன்னிப்பு போகுமே! நாத்தனாரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவே இல்லையே! பதறிப்போய்ப் போனில் நிறுத்தப் பார்த்தாள். மடலை நிறுத்துவதற்குத் தனியாகக் கடவுச்சொல் கேட்டது. தப்பாக அடித்தாள். மறுபடி அடித்து உள்ளே போவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது. வெந்த புண்ணில் வேல் ஒன்று போதாதென்று இரண்டு.

நாத்தனார் இருந்தது மாடிவீடு. படியேறிப் போனபோது கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். வீட்டிலேயே உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்துகிற வேலை. கூடத்து மேசையில் காகிதக் கட்டுக்கு நடுவே, சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க அண்ணி. மதிப்புக்குரிய வாடிக்கையாளர் இங்கதான் இருக்கேன்.”

சல்லடை செருப்பைக் கழற்றப்போன காலோடு அப்படியே நின்றாள். “நான்தாம்மா தப்புப் பண்ணினேன். ஒரு சொல் மாறிப் போச்சு.”

“ஒரு சொல் மாறினா என்ன ஆகும்னு எனக்கா தெரியாது? என் பொழைப்பே அதுதானே.” பேனாவை மூடி வைத்தாள். “முதல் மெயிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு அண்ணி. நிஜமாவே. ‘படுக்கைக்கு விடை கொடுத்துவிட்டீர்கள்.’ அவருக்கு இந்த மாதிரி கூத்துன்னா உயிர். காட்டலாம்னு அந்த ரூம் பக்கம் திரும்பிட்டேன்.”

மேசைமேல் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

“ரெண்டாவது வந்தப்பதான் ஆத்திரமா வந்துச்சு,” என்றாள் நாத்தனார், அடுக்கி முடித்ததும். “கீழே பார்த்தா உங்க பேரு. என் துயரத்தைக் கிளறிட்டீங்களாம். எங்க வீட்டுக்கு வழி தெரியாதா உங்களுக்கு? டயப்பர் வந்துச்சு, மெத்தை வந்துச்சு, களிம்பு வந்துச்சு. எல்லாம் நேரத்துக்கு வந்துச்சு, நான் இல்லேங்கல. நீங்க வரல.”

“பயமா இருந்துச்சும்மா.”

“என்ன பயம்?”

“உன் எதிர்ல வந்து உட்கார்ந்தா என்ன பேசறதுன்னு தெரியல. சாமான் அனுப்பறது சுலபமா இருந்துச்சு.”

“உட்காருங்க. வாசல்லயே நிக்கறீங்க,” என்றாள் நாத்தனார். குரலில் கடுமை போகவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்த காகிதக் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

தண்ணீர் குடித்த பிறகு சல்லடை மெதுவாகக் கேட்டாள். “அந்தச் செருப்புப் பக்கத்தை ஏன் திறந்தே?”

“செருப்பா? நான் எங்க செருப்பைப் பார்த்தேன்! கட்டிலைத் திருப்பி எடுத்துக்குவீங்களான்னு எங்கயாவது போட்டிருக்கான்னு தேடினேன்.”

“நாங்க திருப்பி எடுக்கறதில்லையேம்மா.”

“அப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க. அது அங்கயே கிடக்கு. அந்த ரூமுக்குள்ள காலை வைக்க முடியல. அண்ணன் கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். பார்க்கலாம் பார்க்கலாம்ங்கறான்.”

அண்ணன் என்றால் சல்லடையின் கணவன். இந்தப் பேச்சு அவள் காதுக்கு வரவே இல்லை.

“வா, நாமளே பிரிச்சுடலாம்,” என்று எழுந்தாள்.

கட்டிலின் தலைப்பக்கம் இன்னும் உயர்ந்தே நின்றது, யாரோ சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல. கடைசி நாளில் வைத்த உயரம். நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். சல்லடை போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். கிறீச்சென்ற சத்தத்தோடு அது மெல்ல மெல்ல இறங்கிப் படுத்தது. அப்போதுதான் நாத்தனார் அழுதாள். சல்லடை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரிக்கிற வேலை லேசில் நடக்கவில்லை. ‘எவர் உதவியும் இல்லாமல் நொடியில் பிரித்து மாட்டலாம்’ என்று அந்தக் கட்டிலுக்கு விளக்கம் எழுதியவளே சல்லடைதான். ஆனால் அதைத் தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு திருகாணி அசையவே மறுத்தது. இன்னொன்று கழன்று கட்டிலுக்கடியில் ஓடி மறைந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள்.

“நொடியிலயா?” என்று கேட்டாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“அந்த வரியை நாளைக்கே எடுத்துடறேன் தாயே,” என்றாள் சல்லடை.

நடுவில் முதலாளி போன் செய்தார். இரண்டு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தார்கள் என்றார். பலர் ஒன்றும் சொல்லாமல் பட்டியலிலிருந்து விலகிவிட்டார்கள். “ஒருத்தருக்கு நானே போன் பண்ணினேன்மா. திட்டுவாருன்னு பார்த்தா, அவங்க அம்மாவைப் பத்தி வெகுநேரம் பேசிக்கிட்டே இருந்தாரு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “இனிமே நீ சலிச்சதை இன்னொருத்தர் பார்க்காம எதுவும் வெளியே போகக் கூடாது. கோவிச்சுக்காதே,” என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லாவிட்டால் அவளே கேட்டிருப்பாள். ஆனாலும் போனை வைத்த பிறகு, அந்தப் பலர் ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருப்பது மனசை விட்டுப் போகவில்லை. அவர்கள் எல்லார் வீட்டுப் படியும் அவளால் ஏற முடியாது.

சல்லடை அங்கே இருப்பதாகப் போனில் சொல்லியிருந்ததால், வேலை முடிந்து நேரே வந்த கணவன், வியர்த்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?”

“நீ பார்க்கலாம் பார்க்கலாம்னியே, அதைப் பண்றோம்,” என்றாள் தங்கை.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். அசையாத அந்தத் திருகாணி அவனுக்கும் சுலபத்தில் அசையவில்லை. கடைசியில் மூன்று பேருமாக ஆளுக்கொரு துண்டாகத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கிப் போக வண்டி கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

“இன்னைக்கு வேண்டாம். இங்க இருக்கட்டும்,” என்றாள் நாத்தனார். வெறுமையாகிவிட்ட அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். எங்கே நிற்பதென்று தெரியாதவள்போல இங்கும் அங்கும் நகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். “சாப்பிட்டுட்டுத்தானே போவீங்க அண்ணி?”

சல்லடை அடுப்படிக்குள் நுழைந்து, எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.