நாலு விரல் துணி

"நிஜமாவே நீ அவளோட தங்கச்சியா?"

தலைப்பு அண்ணன் இதைக் கேட்டபோது அவர் கண் என் முகத்தில் இல்லை. என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். "உன் பங்கையும் அவளே சாப்பிட்டுட்டாளா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தவர்களும் உண்டு. சோற்றைப் பொறுத்தவரை அது பொய். என் தட்டில் யாரும் கை வைத்ததில்லை.

அக்கா பளு தூக்குகிறவள். பெண்களில் ஆகக் கனமான பிரிவு. நூற்றுப் பதினெட்டு கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி, நடுவர்கள் இறக்கச் சொல்லும்வரை கண்ணைச் சிமிட்டாமல் நிற்பாள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசி என்பார்கள். எழுத்தெல்லாம் தெரியும், குரல்தான் வராது. ஒரு திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. அந்த வாரம் அக்காவுக்கு முதல் பெரிய போட்டி, அம்மா அவளோடு வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்து பதக்கத்தை ஆணியில் மாட்டி, அது நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்த பிறகுதான், நான் வீட்டிலேயே கிடப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் போகலாம் என்றாள். அடுத்த வருஷம் அக்காவுக்கு அடுத்த போட்டி இருந்தது.

எனக்குக் கிடைத்த வேலையும் பேச வேண்டாத வேலைதான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், எப்போதும் ரப்பர் வாசனை. இணையத்தில் போடும் செய்திப் படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுத வேண்டும், மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்த வேண்டும். நடத்துகிறவர் தலைப்பு வைப்பதில் கெட்டிக்காரர், அதனால் எல்லாருக்கும் அவர் தலைப்பு அண்ணன். வீட்டில் கேட்டபோது டைப் அடிக்கிற வேலை என்று சொல்லியிருந்தேன்.

அந்தக் காலையில் அவர் திரையில் இருந்தது அக்காவின் படம். அணிக்குத் தேர்வானவர்களை வழியனுப்பும் விழாவில் எடுத்தது. எல்லாரும் ஒரே மாதிரி கருநீலக் கோட் போட்டிருந்தார்கள். அக்கா கையை உயர்த்தி அசைத்திருந்தாள். கைக்கு அடியில், இடுப்பு வரை, வேறு ஒரு நீலம் தெரிந்தது. அண்ணன் அதைப் பெரிதாக்கி, "கையைத் தூக்கினார், கோட் கிழிந்தது!" என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அது கிழியல. ஒட்டுத்துணி. என் ஸ்கூல் பாவாடை."

ஆறு மாதத்தில் அந்த அறையில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிழை திருத்துகிறவள், பிழையைத் திருத்தினேன் என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் படத்தில் ஆயிரக்கணக்கான பேர் பார்க்கப் போகிற அந்தத் துண்டு என்னுடையது. அது யாராவது ஒருத்தருக்காவது தெரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

நடந்தது இதுதான். அணிக்காரர்கள் கொடுத்த கோட்டில் ஆகப் பெரிய அளவிலும் அக்காவுக்குப் பொத்தான் எட்டவில்லை. வேறு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அம்மா துணி பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். இரண்டு பக்கமும் கைக்கு அடியில் தையலைப் பிரித்தாள். உள்ளே வைக்க அதே நிறத்தில் துணி வேண்டும். அலமாரியைக் குடைந்தவள் கையில் என் மடிப்புப் பாவாடை வந்தது. நான்கு வருஷமாக இஸ்திரி மடிப்போடு அங்கே இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். பக்கத்துக்கு நாலு விரல் அகலம், இரண்டு துண்டு. கத்திரி மடிப்புகளுக்குக் குறுக்கே போன சத்தம் கேட்டது. அக்கா கண்ணாடி முன்னால் பொத்தானைப் போட்டுவிட்டு, "அப்பாடா, மூச்சு விட முடியுது" என்றாள். மிச்சத்தை அம்மா மிஷின் துடைக்க எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துக் கேட்டார். டீ சொன்னார். என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்படி யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"தங்கையின் பள்ளிப் பாவாடையை வெட்டிக் கோட்டுக்கு ஒட்டுப் போட்ட வீராங்கனை! எடை எவ்வளவு தெரியுமா?"

டீ ஆறுவதற்குள் அது இணையத்துக்குப் போய்விட்டது. தலைப்பில் நான் இருந்தேன். பேர் இல்லை, தங்கை என்று மட்டும். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கம்.

கீழே ஜனங்கள் எழுத ஆரம்பித்தார்கள். இவளைத் தூக்குவதற்குத் தனியாக ஒரு போட்டி வைக்க வேண்டும் என்றார் ஒருத்தர். மேடைக்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சா என்று ஒருத்தர். பாவாடை தீர்ந்துவிட்டால் அடுத்தது ஜன்னல் திரையா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள், அதற்கு நான் சிரித்தேன். சிரித்ததை எழுதித்தான் ஆக வேண்டும். மதியத்துக்குள் நாற்பதாயிரம் பேர். நான் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, 'தங்கச்சி பாவம்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அந்த அறையிலிருந்து இரண்டு இணையப் பக்கம் நடந்தது. ஒன்று கேலி செய்யும், இன்னொன்று கேலி செய்தவர்களைக் கிழிக்கும். இரண்டுக்கும் பேர் வேறு, நிறம் வேறு, ஆள் ஒன்று. ஒன்றைப் படித்துக் கோபம் வந்தவர்கள் ஓடிப்போய் மற்றதில் விழுவார்கள். இரண்டுக்கும் கீழே ஒரே விளம்பரம், முப்பது நாளில் இடுப்பைக் குறைக்கும் பொடி.

"இப்ப திட்டினவங்களைத் திட்டணும். நீயே எழுது. கூடவே வளர்ந்தவ, நல்லா வரும்" என்றார்.

நன்றாகத்தான் வந்தது. அக்காவின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்குவதை எழுதினேன். கழுத்துக்குக் கீழே கம்பி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன இடத்தை எழுதினேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, எங்கள் தூக்கம் கலையக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறவள் என்று எழுதினேன். இந்த உடம்பு அவள் சம்பாதித்தது, யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்று முடித்தேன். அண்ணன் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "உங்கக்காவை வெச்சே ஒரு வாரம் ஓட்டலாம்" என்றார்.

முதலில் கேலி செய்தவர்களைவிட மூன்று மடங்கு பேர் வந்தார்கள். அக்கா, உங்களுக்காக நாங்கள் இருக்கிறோம். அக்கா, நீங்கள்தான் எங்கள் பெருமை. யார் யாரோ அவளை அக்கா என்றார்கள். கேலியைப் படித்தபோது இல்லாத எரிச்சல் அப்போதுதான் வந்தது. திட்டினாலும் அவள்தான், தாங்கினாலும் அவள்தான். ஒரு துணிக்கடைக்காரர் அளவெடுத்துப் புதுக் கோட் தைத்துக் கொடுத்து, அதை வீடியோ எடுத்துப் போட்டார். பழைய கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 'தங்கச்சி பாவம்' ஒன்பதோடு நின்றுவிட்டது.

அக்கா பயிற்சி முகாமிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, நானும் கேட்டேன். நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும், தங்கச்சி வாயே திறக்காதவ, நீதான் தைக்க வர்றவங்ககிட்ட உளறியிருக்க என்றாள். யாரிடமும் சொல்லவில்லை என்று அம்மா சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அம்மா போனை மிஷின் மேல் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா அம்மாவோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாள் மாதிரி என் வாழ்க்கையில் வந்ததில்லை. சாயங்காலமானால் அக்காவின் போனுக்காகக் காத்திருக்கிற அம்மா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன வேலை, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தலை வாரிவிட்டாள். சாப்பிடும்போது, "நீயாவது எங்கூட இருக்கியே" என்றாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம் அக்கா வந்தாள். மறுநாள் விமானம். சான்றிதழ்களும் முழங்காலுக்குக் கட்டுகிற பட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். வந்தவள் அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து, "அலமாரிச் சாவி எங்கன்னு உங்கம்மாவைக் கேளு" என்றாள். அம்மா மூன்றடி தூரத்தில் மிஷினில் இருந்தாள். நான் திரும்பி, சாவி எங்கே என்று கேட்டேன். சாமான் டப்பாவுக்குள்ள இருக்குன்னு சொல்லு என்றாள் அம்மா. நான் சொன்னேன். சாப்பிட்டாளான்னு கேளு. கேட்டேன். பசிக்கலன்னு சொல்லு. சொன்னேன். பொய் சொல்றா, முகத்தைப் பார்த்தாலே தெரியுதுன்னு சொல்லு. அதையும் சொன்னேன். அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. எனக்குக் குரல்கூட நன்றாக வந்தது.

பையை மூடிவிட்டு அக்கா எழுந்தாள். அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"நான்தாண்டி சொன்னேன்" என்றாள். "தைக்க வந்த ஒருத்திகிட்ட. கேவலப்படுத்தணும்னு சொல்லல. எவ்வளவு கச்சிதமா சேர்த்தேன்னு பெருமையடிச்சுக்கிட்டேன். அவ போய் எங்க சொன்னாளோ."

அக்கா நின்றாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு மிஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். அவ்வளவு பெரிய முதுகு குலுங்கியது.

"பெருமையடிக்க உனக்கு வேற எதுவுமே கிடைக்கலயாம்மா? வீடு பூரா மெடல் தொங்குது."

"மெடல் நீ வாங்கினது. தையல்தானே நான் போட்டது" என்றாள் அம்மா.

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அம்மாவின் விரல்கள் அக்காவின் முடிக்குள் போயின. நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் யாருக்கும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

மனசாட்சி உறுத்தியது என்று இங்கே எழுதலாம். எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அந்த விரல்களைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா சொல்லல" என்றேன். "நான்தான் சொன்னேன்."

அக்கா தலையைத் தூக்கினாள். "நீயா? யார்கிட்ட?"

சொன்னேன். டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையை, தலைப்பு அண்ணனை, டீயை. மற்ற பக்கத்தையும் அதே கம்ப்யூட்டரில் நான்தான் எழுதினேன் என்றும் சொன்னேன். அதைச் சொன்னால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

"உள்ளங்கைத் தோலு, செருப்பைக் கையில எடுத்துட்டுப் போறது... அது நீயா எழுதின?"

"ஆமா."

"அதை தினமும் காலையில படிச்சுட்டுத்தாண்டி போய்க் கம்பியைத் தொட்டேன்" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. "முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்கு என்னைப் புரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்." புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். "ஏன் சொன்ன?"

"அது என் பாவாடை."

"நீதான் ஸ்கூலை விட்டுட்டியே."

"வெட்டலாமான்னு என்னை யாரும் கேட்கல."

பள்ளியை விட்டதிலிருந்து இதைச் சொல்ல எனக்கு நான்கு வருஷம் தேவைப்பட்டது என்று தோன்றியது. சொன்ன பிறகு அது சின்னதாக இருந்தது. அக்கா என்னையே பார்த்தாள், பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றாள் அக்கா.

அம்மா மிஷினில் இருந்த துணியை நேராக்கினாள். தைக்க வந்தவள் என்று யாரும் இல்லை. அந்தப் பழியை அம்மா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது யாருக்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது நாளாக அவள் என்னிடம் ஒன்றும் கேட்காததும் புரிந்தது. அவள் எனக்காகச் செய்த ஒரே ஒரு காரியத்தை, அக்காவின் தலையில் அவள் கை இருந்ததைப் பொறுக்காமல், என் வாயாலேயே கெடுத்திருந்தேன்.

"அம்மா" என்றேன்.

அவள் எழுந்தாள். மடியில் இருந்த நூல் துணுக்குகளைத் தட்டினாள். குனிந்து அக்காவின் பையைத் தூக்கினாள். கனமான பை. நூற்றுப் பதினெட்டு கிலோ தூக்குகிறவள் கையை நீட்டினாள், அம்மா கொடுக்கவில்லை. சின்ன வீடு, வாசலுக்கு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மேல் படாமல் பையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நடந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் தெருவில் இறங்கிப் போனாள்.