ம் கொட்ட ஒருவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசியின் மொட்டைக் கோபுரம்வரை வந்து நனைத்துக்கொண்டிருந்தது. ஆசிரியைகளுக்கு ஆங்கிலம் பயிற்றும் சுகிர்தம், அன்று மாலையும் தன் வாடகை அறையில் தன்னிடம் பயிலும் முத்துவடிவுக்கு எதிரே அமர்ந்தாள்.

தேர்வில் ஏட்டைப் பாராமல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் கதை சொல்ல வேண்டும். தேறினால் வடிவுக்குச் சிவகிரியில் வேலை. இருமுறை தவறியவளுக்கு நாளைய தேர்வே கடைசி வாய்ப்பு.

தாயைப் பிரிந்த மான்கன்றின் கதை. சொற்களில் பிழையில்லை. ஆயினும் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் வடிவு நின்றுவிடுவாள். சுகிர்தம் "ம்" என்றால்தான் அடுத்தது பிறக்கும்.

"தேர்வாளர் ம் கொட்ட மாட்டார், வடிவக்கா."

"வெள்ளக்காரன் பாஷைன்னா கேக்குதவுக வாயத் தச்சுக்கிடணுமோ? நீங்க கேக்குதீகளா, உறங்குதீகளா, எனக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?"

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

"ஏட்டி, ஒங் கண்ணு எப்பவும் எங்கனயோல்லா இருக்கு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் வடிவு. சுகிர்தம் சிரித்தாள். நாசரேத்தில் தாயை அடக்கம் செய்தபின், ஆறாண்டுகளாக அவளை உரிமையோடு ஏட்டி என்று அழைத்தவர் இல்லை. கதை சொன்னவரும் இல்லை. மூன்று வாரமாகத்தான் இந்த அறையின் மாலைகளில் குரல் இருந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க. இனி நான் ம் சொல்ல மாட்டேன்."

வடிவு தொடங்கினாள், நின்றாள், காத்திருந்தாள். ஓட்டின்மேல் மழை விழுந்தது. தொண்டைவரை ஏறிவந்த ஒலியைச் சுகிர்தம் உதடு மடித்து அடக்கினாள். நெடுநேரம் கழித்து, வடிவு தானே அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். அதன்பின் இருமுறை தடுமாறினாள். இறுதியாகச் சொன்னபோது எங்கும் நிற்கவில்லை.

மறுநாள், குற்றாலநாதர் திருநீறு நெற்றியில் துலங்க அவள் கதை சொன்னாள். பின்வரிசையில் சுகிர்தம் கண்மூடிக் கர்த்தரை வேண்டினாள். தேர்வாளர் அசையாமல் கேட்டார். வடிவு தேறினாள்.

வாரம் கழிந்து, சிவகிரிப் பேருந்தின் சன்னல் வழியே ஒரு மங்குஸ்தான் பழத்தை அவள் நீட்டினாள். "லீவுக்கு அங்கன வா ஏட்டி. கதை சொல்லுதேன்."

அன்று மாலை எதிர் நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது. சுகிர்தம் விளக்கேற்றி, மான்கன்றின் கதையை ஆங்கிலத்தில் தானே வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

முதல் வாக்கியம் முடிந்தது. அவள் நின்றாள்.