றஷீனா வீட்டுக் கடலுக்கு வந்த நோய்

1973ஆம் ஆண்டு மே மாதம், பதுளை பசார் வீதியில் ஸவாஹிரா உம்மாவின் முன்னறை மீன்தொட்டிக்குள் கடல் வந்தது. அதே வாரம் மண்ணெண்ணெய் விலை ஏறியதால் ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. தொட்டியில் இருந்த தங்கமீன்களை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். கடலோடு ஒரு கல்லும் அதன்மேல் மென்பவளங்களும் வந்திருந்தன. தடித்த காளான்போல ஒன்று, கைவிரல்கள்போலச் சில. பகலில் அவை உடம்பெல்லாம் நுண்ணிய பூக்களை விரித்து அசைந்தன. அப்போது அறையில் இருப்பவர்களின் தலைமுடியும் முந்தானையும் கூடவே அசையும். தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆட்களின் பாரம் பாதியாகும். முழங்கால் வாதத்தால் வருடக்கணக்காகக் கதிரையில் இருந்தே தொழுத ஸவாஹிரா உம்மா, அந்த அறையில் மட்டும் எழுந்து நின்று தொழுதார்.

அவருடைய மகள் றஷீனா பேராதனையில் விலங்கியல் பட்டம் பெற்றவள். வேலை வரவில்லை. ஆகவே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அத்தனை படிப்புக்கும் கிடைத்த ஒரே நியமனம் அதுதான். முதுகெலும்பற்ற உயிரினங்கள் பற்றிய பாடத்தில் அவளுக்குத்தான் வகுப்பிலேயே அதிகப் புள்ளி. அது சொந்த அனுபவம் என்று தோழிகள் சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள்.

அடுத்த வருடம் பவளங்கள் சுருங்கின. "சட்டை உரிக்குது உம்மா, பாம்பு மாதிரி. தன்னால விரியும்" என்று றஷீனா அறிவித்தாள். காளான் பவளம் அப்படிச் செய்வது உண்மைதான். ஆனால் அது உரிக்கவும் இல்லை, விரியவும் இல்லை. அறையில் பாரம் திரும்பி வந்தது. ஸவாஹிரா உம்மா மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.

றஷீனா விஞ்ஞான முறைப்படி இறங்கினாள். வெளிச்சம் போதவில்லை என்று தொட்டியை யன்னலோரம் நகர்த்தினாள். வெளிச்சம் கூடிவிட்டது என்று யன்னலுக்குச் சேலை கட்டினாள். குளிர் என்று சாக்குச் சுற்றினாள். நீரோட்டம் இல்லை என்று அகப்பையால் மத்தியானம்வரை கலக்கிக்கொண்டே நின்றாள். ஒன்றையொன்று கொட்டுகின்றனவோ என்று விரல் பவளங்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நோக்கமும் செய்முறையும் அவள் மனதில் ஒழுங்காக இருந்தன. முடிவு மட்டும் வரவில்லை. "ஒனக்குப் பட்டம் தந்தவங்க இந்தப் பக்கம் வராம ஈக்கணும்" என்றார் உம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டு.

அதுவரை கடலைப் பார்க்க ஒருவர் இருவராக வந்துபோன ஊர், கடல் சுகமில்லாமல் கிடக்கிறது என்ற செய்தி பரவியதும் சுகம் விசாரிக்கத் திரண்டது. சீனியும் மாவும் கிடைக்காத காலம், பாணுக்கே வரிசை. ஒரு பிஸ்கட் பெட்டிகூட இல்லாமல் வருகிறார்களே என்று உம்மா நினைத்தார். ஆனாலும் வந்தவர்களை முன்னறையில் இருத்திவிட்டு, நொண்டி நொண்டிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். றஷீனா திரைக்குப் பின்னால் இருந்தாள்.

உப்பை மட்டும் அவள் அளக்கவே இல்லை. கடலே வந்திருக்கிறது, தன் உப்பு அதற்குத் தெரியாதா என்று விட்டிருந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல், பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை செய்த மாமி மகன் வாஹிதிடம் பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி அளக்கும் பால்மானியைக் கேட்டு அனுப்பினாள். நல்ல பாலின் அளவும் நல்ல கடலின் அளவும் ஏறக்குறைய ஒரே கோடு. உப்பு மிஞ்சிய இந்தக் கடலில் பால்மானி கழுத்தை நீட்டிக்கொண்டு, கடைசிக் கோடும் வெளியே தெரிய நின்றது.

"இப்பிடிப் பால் தார மாடு எந்தத் தோட்டத்திலயும் இல்ல மச்சி" என்றான் வாஹித்.

ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் கிணற்று நீரைத்தான் அவள் ஊற்றிவந்தாள்; அவ்வளவுக்குப் படிப்பு வேலை செய்திருந்தது. அப்படியானால் உப்பு எங்கிருந்து வந்தது?

மறுநாள் ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நல்லம்மா வந்தாள். உம்மா குசினிக்குப் போனதும், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி கல்லுப்பைத் தொட்டிக்குள் போட்டு, "சீக்கிரம் எந்திரிச்சிரு சாமி" என்றாள். திரை இடுக்கால் பார்த்த றஷீனாவுக்கு எல்லாம் விளங்கியது. வரிசையில் நிற்காமல் வாங்க முடிந்தது உப்பு ஒன்றுதான். கடலுக்குப் பிடித்ததும் அதுதான் என்று ஊர் முதலிலிருந்தே முடிவெடுத்துப் போட்டுவந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் வெளியே வந்து விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்கும்.

அவள் வெளியே வந்தாள். தொட்டிக்குமேல் உள்ளங்கையை நீட்டினாள். நல்லம்மா மிச்ச உப்பை அதில் கொட்டி, "நீயே போட்டுரு தாயி" என்றாள்.

"போட வாணாம்."

"என்னாங்க?"

"உப்புப் போட வாணாம். செத்துப் போயிரும்."

வாய்மொழிப் பரீட்சைக்குப் பிறகு வெளியாள் ஒருவரிடம் அவள் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

"அடியாத்தி! அப்ப ஊரே சேந்து இதுக்கு ஊறுகா போட்டிருக்கமா?" நல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ இம்புட்டு நாளா எங்க தாயி இருந்த?"

"திரைக்குப் பின்னுக்கு."

அதன்பின் தினமும் கொஞ்சம் கடலை வெளியே எடுத்து, கொஞ்சம் கிணற்று நீரை ஊற்றினாள். ஒரேயடியாக மாற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும். விருந்தாளிகள் வரும் நேரமெல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். சிலர் கோபித்துக்கொண்டார்கள், அவர்களிடம் இன்னொரு முறை சொன்னாள். முதலில் விரல்கள் விரிந்தன. பிறகு காளான் தன் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பூத்தது. அன்று அஸர் தொழுகைக்கு உம்மா எழுந்து நின்றார்.

1978இல் றஷீனாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தேத்தண்ணிக் கோப்பை எழும்பிவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எங்கட வீட்டு முன்னறை சின்னன். தொட்டிய எங்க வைக்கலாம் மகள்?" என்று கேட்டார்.

"தொட்டி இங்கதான் மாமி. உம்மாட கால் இங்கதான் நேரா நிக்கும். மாப்பிள்ள வேணும்டா வரட்டும்" என்றாள் றஷீனா.

மாப்பிள்ளை வந்தார். உம்மா வேகமாக எழும்பும் நாட்களில், தலை முகட்டில் முட்டாமல் அவர்தான் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொள்கிறார்.